ஏரி உடைஞ்சா யார் பொறுப்பு? லங்காஷயரிலிருந்து கார்வேட்டிநகரம் வரை

இன்னைக்கு எபிசோடு சட்ட வரலாறு. முதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்லை. பொறியியல் படிச்சுட்டு மென்பொருள் எழுதுகிற ஆள். அதனால இதைக் கேட்டுட்டு யாரும் கேஸ் போட்டுடாதீங்க, வக்கீலைப் பாருங்க. ஆனா இந்தக் கதையில் எனக்கு ஒரு பிடிப்பு இருக்கு. காரணம் சொல்றேன்.

2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்தில் மூழ்கினபோது நான் கல்லூரி முதலாண்டு. தண்ணி வடிஞ்ச பிறகு எங்க தெரு டீக்கடையில் தினமும் ஒரே வாக்குவாதம்தான். ஒரு பெரியவர் சொல்வார்: "இது தெய்வச் செயல்ப்பா, இதுக்கு யாரைக் குத்தம் சொல்ல முடியும்?" எதிர் பெஞ்சில் ஒரு அண்ணன்: "அட போங்க தாத்தா, தண்ணியைத் தேக்கி வெச்சவங்கதானே பதில் சொல்லணும்?" அப்போ இது வெறும் டீக்கடைப் பேச்சுன்னு நினைச்சேன். பல வருஷம் கழிச்சுப் படிக்கும்போதுதான் தெரிஞ்சது, இந்த ரெண்டு பேரும் சொன்னது ரெண்டுமே சட்டத்தில் பேர் வெச்ச வாதங்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடியே, நம்ம திருத்தணிப் பக்கத்து ஏரிகளை வெச்சு லண்டன் வரைக்கும் போய் வாதாடப்பட்டவை. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

இங்கிலீஷில் டார்ட் என்று சொல்கிற சட்டத்தைத் தமிழ்ச் சட்ட நூல்கள் தீங்கியல் சட்டம் என்று சொல்கின்றன. லத்தீனில் 'முறுக்கின, கோணலான' என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த வார்த்தை அது. நேராக நடக்க வேண்டியது கோணலாக நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் பராமரிக்காமல் விட்ட பட்டுப்போன தென்னை மரம் உங்க கார் மேல விழுது. இது குற்றம் இல்லை, அவரை ஜெயிலில் போட முடியாது. இது ஒப்பந்த மீறலும் இல்லை, மரத்தைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் எந்தப் பத்திரமும் எழுதிக்கலை. ஆனாலும் உங்களுக்கு நஷ்டம். இந்த இடைவெளியில் வேலை செய்கிறதுதான் தீங்கியல் சட்டம். கேள்வி 'யாரைத் தண்டிப்பது' என்பது இல்லை. 'நடந்த நஷ்டம் யார் தலையில் நிற்கணும்' என்பதுதான்.

நஷ்டம் வந்தா உடனே வழக்கு ஜெயிக்கும்னு நினைக்காதீங்க. 1410-ல் இங்கிலாந்தில் குளோஸ்டர் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரா ஒருத்தர் போட்டிப் பள்ளி ஆரம்பிச்சார். பழைய பள்ளியில் 40 பென்ஸ் இருந்த கட்டணம் 12 பென்ஸா இறங்கிடுச்சு. பழைய ஆசிரியர்கள் வழக்குப் போட்டாங்க, தோத்தாங்க. நஷ்டம் உண்மை, ஆனா போட்டி போடுவது அடுத்தவர் உரிமையைப் பறிப்பது ஆகாது. இதுக்கு நேர் எதிர், 1703-ல் ஆஷ்பி எதிர் ஒயிட். எய்ல்ஸ்பரியில் ஒரு வாக்காளரை ஓட்டுப் போட விடலை. அவர் ஆதரிச்ச வேட்பாளர் எப்படியும் ஜெயிச்சுட்டார். ஒரு பைசா நஷ்டம் இல்லை. ஆனாலும் வாக்காளர் பக்கம்தான் தீர்ப்பு, ஏன்னா பறிபோனது உரிமை. நஷ்டம் வேற, சட்டம் கண்டுக்கிற தீங்கு வேற.

பெரும்பாலான வழக்குகளில் மூணு விஷயத்தை நிரூபிக்கணும். எதிராளிக்கு உங்க விஷயத்தில் கவனமா இருக்கிற கடமை இருந்தது. அதை அவர் மீறினார். அதனால உங்களுக்கு நஷ்டம் வந்தது. இதுதான் கவனக்குறைவு வழக்கு. எதிராளிக்கும் தற்காப்பு வாதங்கள் உண்டு. ஆபத்து தெரிஞ்சும் நீயா சம்மதிச்சு வந்தே என்பது ஒண்ணு. உன் மேலயும் தப்பு இருக்கு என்பது இன்னொண்ணு. 1809-ல் பட்டர்ஃபீல்டு என்கிறவர் மாலை மங்குகிற நேரத்தில் குதிரையை வேகமா ஓட்டிக்கிட்டு வந்தார். ஃபாரஸ்டர் என்கிறவர் வீட்டு வேலைக்காகச் சாலையில் குறுக்கே வெச்சிருந்த கம்பத்தில் மோதி விழுந்தார். கம்பம் வெச்சது தப்புதான். ஆனா மெதுவா வந்திருந்தா பார்த்திருக்கலாமேன்னு சொல்லி பட்டர்ஃபீல்டுக்கு ஒண்ணுமே கிடைக்கலை. பத்து சதவீதம் தப்பு இருந்தாலும் நூறு சதவீதமும் போச்சு. இந்தக் கணக்கை இங்கிலாந்து ஒழுங்கா மாத்தினது 1945-ல். அந்த வருஷச் சட்டத்துக்குப் பிறகுதான் தப்பின் அளவுக்கு ஏற்பத் தொகையைக் குறைக்கிற முறை வந்தது.

இது வரைக்கும் எல்லாமே தப்பைச் சுத்தித்தான் ஓடுது. யார் தப்பும் இல்லாம நஷ்டம் வந்தா?

லங்காஷயர், 1860

ஜான் ரைலண்ட்ஸ் அந்தக் காலத்துப் பெரிய பருத்தி முதலாளி. இன்னைக்கும் மான்செஸ்டரில் அவர் பேரில் அவர் மனைவி கட்டின அருமையான நூலகம் இருக்கு. லங்காஷயரில் தன் மில்லுக்குத் தண்ணி வேணும்னு ஒரு நீர்த்தேக்கம் கட்ட முடிவு பண்ணினார். அவர் மண்வெட்டியைத் தொடலை. தகுதியான பொறியாளரையும் ஒப்பந்ததாரரையும் வெச்சு வேலையை ஒப்படைச்சார்.

தோண்டும்போது வேலைக்காரர்கள் பழைய நிலக்கரிச் சுரங்கக் குழிகள் சிலதைப் பார்த்தாங்க. மண்ணால் மூடிக் கிடந்தது. சரியா அடைக்காம மேல வேலையை முடிச்சுட்டாங்க. ரைலண்ட்ஸுக்கு இது தெரியவே தெரியாது. 1860 டிசம்பர் 11 அன்னைக்கு, தேக்கம் பாதி நிரம்பின நிலையில், தண்ணி அந்தக் குழிகள் வழியா உடைச்சுக்கிட்டுக் கீழே இறங்கி, பழைய சுரங்கப் பாதைகள் வழியா ஓடி, தாமஸ் ஃப்ளெட்சர் என்பவரின் சுரங்கத்தை மூழ்கடிச்சுடுச்சு. 937 பவுண்டு நஷ்டம்.

எங்க வேலையில் சர்வர் படுத்துடுச்சுன்னா அடுத்த நாள் ஒரு கூட்டம் போடுவோம். யாரையும் திட்டக் கூடாது, காரணத்தை மட்டும் கண்டுபிடிக்கணும் என்பது விதி. ஆனா காரணம் தெரிஞ்ச பிறகும், வாடிக்கையாளருக்கு யார் பணத்தைத் திருப்பித் தர்றது என்ற கேள்வி தனியா மேசை மேல இருக்கும். ஃப்ளெட்சர் வழக்கும் அந்த மாதிரிதான். காரணம் தெரியும். தப்பு ஒப்பந்ததாரர் பக்கம். ஆனா சுதந்திரமா வேலை எடுத்துச் செய்கிற ஒப்பந்ததாரரின் கவனக்குறைவுக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பில்லை என்பது சட்டம். ரைலண்ட்ஸ் அத்துமீறி நுழையவும் இல்லை. அப்போ அவரிடம் எந்தக் கணக்கில் வாங்குவது?

முதல் நீதிமன்றத்தில் ஃப்ளெட்சர் தோத்தார். 1866-ல் மேல்முறையீட்டில் நீதிபதி பிளாக்பர்ன் தீர்ப்பைத் திருப்பிப் போட்டார். அவர் சொன்னதின் சாரம் இது: தன் சொந்தத் தேவைக்காக, வெளியே போனால் கெடுதல் செய்யக்கூடிய ஒரு பொருளைத் தன் நிலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்து வைக்கிறவர், அதை உள்ளேயே வைத்திருக்கும் பொறுப்பை முழுசா ஏத்துக்கணும். வெளியே போயிடுச்சா, கவனமா இருந்தேன் என்ற பதில் செல்லாது. தப்பி ஓடி அடுத்தவன் புல்லை மேய்கிற மாடு, அடுத்த வீட்டு நிலவறைக்குள் கசியும் கழிவு, ரசாயன ஆலையின் புகை என்று உதாரணமும் கொடுத்தார்.

1868-ல் பிரபுக்கள் சபை இதை உறுதி செய்தது. கூடவே லார்டு கெய்ன்ஸ் ஒரு வார்த்தையைச் சேர்த்தார்: நிலத்தை 'இயல்பல்லாத' முறையில் பயன்படுத்தியிருந்தால்தான் இந்த விதி. பின்னால் நடந்த எத்தனையோ சண்டை இந்த ஒரு வார்த்தையைச் சுத்தித்தான். தமிழில் இதைக் கடும் பொறுப்பு என்று சொல்கிறார்கள்.

ஏன் அந்த நேரத்தில் நீதிபதிகள் இவ்வளவு கண்டிப்பா இருந்தாங்க? வழக்கு நடந்துக்கிட்டு இருந்தபோதே, 1864 மார்ச்சில், ஷெஃபீல்டு பக்கத்தில் டேல் டைக் அணை உடைஞ்சு 240 பேருக்கு மேல் செத்துப்போனாங்க. அதுக்கு முன்னாடி 1852-ல் பில்பெரி அணை உடைஞ்சு 81 பேர். தேக்கின தண்ணி என்ன செய்யும்னு நாட்டுக்கே தெரிஞ்சிருந்த காலம். நீதிபதிகளை இது தொட்டிருக்கணும் என்று சட்ட வரலாற்றாளர் பிரையன் சிம்சன் விரிவா எழுதியிருக்கார்.

தப்பிக்கும் கதவுகள்

இவ்வளவு கண்டிப்பான விதிக்கும் விலக்குகள் உண்டு. அஞ்சு கதவு என்று வைத்துக்கொள்ளுங்க.

ஒண்ணு, பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தப்பு. 1894-ல் ஒருத்தர் குதிரை, வேலிக்கு மேல கழுத்தை நீட்டி அடுத்தவர் நிலத்து யூ மரத்து இலையைத் தின்னு செத்தது. அது விஷ மரம். ஆனா மரம் எல்லை தாண்டலை, குதிரைதான் தாண்டுச்சு. வழக்கு தோத்துது.

ரெண்டு, சம்மதம் அல்லது பொது நன்மை. 1871-ல் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தில் ஒருத்தர் அரிசி வெச்சிருந்தார். கூரைத் தண்ணி வழியும் பெட்டியை ஒரு எலி கடிச்சு ஓட்டை போட்டுடுச்சு, அரிசி நனைஞ்சுது. அந்தத் தண்ணிப் பாதை கட்டிட உரிமையாளர், குடியிருப்பவர் ரெண்டு பேர் நன்மைக்கும்தானே இருந்தது? உரிமையாளர் பொறுப்பில்லை.

மூணு, மூன்றாம் ஆளின் செயல். 1913-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வழக்கு. யாரோ வேணும்னே கழுவு தொட்டியை அடைச்சுக் குழாயைத் திறந்துவிட்டுப் போயிட்டாங்க, கீழ்த்தளத்துச் சரக்கு நாசம். கட்டிடக்காரர் பொறுப்பில்லை.

நாலு, நம்ம டீக்கடைத் தாத்தா சொன்ன தெய்வச் செயல். சட்டத்தில் ஆக்ட் ஆஃப் காட். மனித முயற்சி எதுவும் இல்லாமல் இயற்கையால் நடந்தது, யாராலும் எதிர்பார்த்துத் தடுத்திருக்க முடியாதது, இந்த ரெண்டும் சேரணும். இதில் பிரபலமானது 1876-ன் நிக்கல்ஸ் எதிர் மார்ஸ்லாண்ட். செஷயரில் ஒரு அம்மையார் ஓடையை மறிச்சு அழகுக்காகச் செயற்கை ஏரிகள் வெச்சிருந்தார். 1872 ஜூனில் யாருக்கும் நினைவில் இல்லாத மழை, ஏரிக் கரைகள் உடைஞ்சு நாலு பாலங்கள் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அவர் தப்பிச்சார். ஆனா 1917-ல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் ஊர் வழக்கில் இதே வாதம் எடுபடலை. குழந்தைகள் விளையாடும் குளத்துக்காக ஓடையைத் திசை மாத்தின நகராட்சி, பெருமழையைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தது. அசாதாரணமா இருந்தாலும் மழை மழைதான் என்று பிரபுக்கள் சபை சொல்லிடுச்சு.

இங்க ஒரு சின்னக் கணக்கு போடறேன், பழக்கதோஷம். 'நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் மழை' என்கிறோம். ஏதாவது ஒரு வருஷத்தில் அது வர ஒரு சதவீத வாய்ப்பு என்றுதான் அதுக்கு அர்த்தம். ஒரு கரை முப்பது வருஷம் நிற்கணும்னா, அதுக்குள் அந்த மழை ஒரு தடவையாவது வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு. நாலில் ஒண்ணு. இதை எதிர்பார்க்க முடியாதது என்று சொல்ல முடியுமா? மழை அளவைக் குறிச்சு வைக்கத் தொடங்கின பிறகு தெய்வச் செயல் என்ற கதவு கொஞ்சம் கொஞ்சமா ஒருக்களிச்சுக்கிட்டே வருது.

அஞ்சாவது கதவு, சட்டமே கொடுத்த அதிகாரம் அல்லது சட்டமே சுமத்தின கடமை. இங்கேதான் நம்ம ஊர்க் கதை வருது.

கார்வேட்டிநகரம்

கார்வேட்டிநகரம் இன்னைக்கு ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருக்கு. அப்போ அது சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்துப் பெரிய ஜமீன். புத்தூர், திருத்தணிப் பக்கமெல்லாம் அதில் அடக்கம். மழை பெய்யும் சில வாரங்களில் தண்ணியைப் பிடிச்சு வெச்சாத்தான் வருஷம் முழுக்கச் சோறு என்கிற பூமி. அதனால ஏரி ஏரியா இருக்கும். மேல் ஏரி நிறைஞ்சா கலங்கல் வழியா வழிஞ்சு கீழ் ஏரிக்குப் போகும். மேல் ஏரி உடைஞ்சா கீழ் ஏரியும் தாங்காது.

இந்த நிலத்துக்குள் இன்னொரு ஆள் வந்தார்: மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை முதல் ரயில் விட்ட அதே கம்பெனி. அரக்கோணத்தில் பிரிஞ்சு வடமேற்கே ராய்ச்சூர் நோக்கிப் போகிற அதன் பாதை இந்த ஜமீன் பகுதி வழியாத்தான் போகுது. லண்டனில் பங்கு விற்ற கம்பெனி. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரருக்கு வட்டி உறுதி என்று அரசு ஒப்பந்தம் வேறு.

ஒரு பெருமழையில் ஜமீன்தாரின் நிலத்தில் இருந்த ரெண்டு ஏரி உடைஞ்சு, ரயில் பாதைக்கும் பாலங்களுக்கும் சேதம். கம்பெனி ஜமீன்தார் மேல வழக்குப் போட்டது. அவங்க கையில் இருந்த ஆயுதம், அப்போதான் சூடா வந்திருந்த ரைலண்ட்ஸ் தீர்ப்பு. தண்ணியைத் தேக்கி வெச்சது யார்? ஜமீன்தார். அது வெளியே வந்துச்சா? வந்துச்சு. நஷ்டமா? ஆமாம். அப்போ பணத்தை எடுத்து வைங்க. எதிர் பெஞ்சு அண்ணன் சொன்னது இதையேதான்.

கீழ் நீதிமன்றம் பார்த்தது: கரைகளைச் சரியாப் பராமரிச்சிருக்காங்க, கவனக்குறைவு இல்லை. கம்பெனி தோத்துது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் தோத்து, லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போச்சு. 1874-ல் சர் ராபர்ட் காலியர் தீர்ப்பை வாசித்தார்.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடிச்சது, ஏரின்னா என்னன்னு அவங்க புரிஞ்சுக்க முயற்சி பண்ணினதுதான். ரைலண்ட்ஸ் தன் மில்லுக்காக, தானா விரும்பி, புதுசாக் கட்டினார். இந்த ஏரிகள் அப்படியா? இவை வரலாற்றுக்கும் பழமையான ஒரு நாட்டுப் பாசன முறையின் பகுதி. இந்துச் சட்டமும் முகமதியச் சட்டமும் கம்பெனி ஆட்சியின் ஒழுங்குமுறைகளும் ஏத்துக்கிட்டவை. பெருந்திரள் மக்கள் உயிர் வாழவே தேவையானவை. இவற்றைப் பராமரிப்பது ஆதியில் அரசின் பொதுக்கடமை. நிலவரித் திட்டம் போட்டபோது அது பல இடங்களில் ஜமீன்தார்கள் தலையில் இறங்கியது. ஜமீன்தார் நினைச்சாலும் ஏரியைத் தூர்த்துவிட முடியாது. நிலத்தை அனுபவிக்கணும்னா ஏரியைக் காப்பாத்தியே ஆகணும். ஆகவே அவர் நிலைமை ரைலண்ட்ஸ் மாதிரி இல்லை. சட்டம் அதிகாரமும் கடமையும் சேர்த்துக் கொடுத்த ஒரு ரயில்வே கம்பெனியின் நிலைமை மாதிரி. அப்படிப்பட்டவரைக் கவனக்குறைவு இருந்தால் மட்டுமே பொறுப்பாக்க முடியும். இல்லை என்பதால் வழக்கு தள்ளுபடி.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. சட்டப்படி அனுமதி வாங்கித்தானே ரயில் ஓட்டுறோம், கவனக்குறைவு இல்லாதவரை எங்களைக் கேட்காதீங்க என்பது ரயில்வே கம்பெனிகள் இங்கிலாந்தில் தங்களைக் காப்பாத்திக்கப் பயன்படுத்தின வாதம். எஞ்சின் நெருப்புப்பொறி பறந்து காடு எரிஞ்ச வழக்கில் 1860-ல் ஒரு கம்பெனி இப்படித்தான் ஜெயிச்சது. அதே வாதம் இங்கே ஜமீன்தார் கையில் கம்பெனிக்கு எதிராத் திரும்பிடுச்சு.

இதைப் படிச்சபோது முதல்ல சந்தோஷமாத்தான் இருந்தது. லண்டனில் உட்கார்ந்திருந்தவங்க, ஏரியை ஒரு ஆபத்தான தனியார் தொட்டியாப் பார்க்காம, ஊரின் உயிராப் பார்த்திருக்காங்களே என்று. தீர்ப்பு மாறியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு மழைக்கும் கம்பெனி வழக்கு போட்டா, ஏரி வெச்சிருப்பதே ஆபத்துன்னு ஆகியிருக்கும். மராமத்துப் பண்ணவே யாரும் முன்வந்திருக்க மாட்டாங்க.

ஆனா ரெண்டாம் தடவை படிக்கும்போது ஒரு உறுத்தல். இந்த வழக்கில் நஷ்டப்பட்டது வட்டி உறுதி செய்யப்பட்ட ஒரு கம்பெனி. அதே தண்ணி கம்பெனி பாலத்துக்குப் பதிலா ஒரு குடியானவர் குடிசையையும் ரெண்டு மாட்டையும் அடிச்சுக்கிட்டுப் போயிருந்தா? விதி அதேதான். கரையைச் சரியாப் பராமரிக்கலை என்று அவர் நிரூபிக்கணும். ஜமீன்தாருக்கு எதிரா, அதே ஊரில் சாட்சி தேடி. நஷ்டம் எங்கே விழுந்ததோ அங்கேயே கிடக்கட்டும் என்பதுதான் தற்காப்பு வாதம் ஜெயிக்கும்போது சட்டம் சொல்றது. அது ஒரு ரயில்வே மேல விழுறதுக்கும் ஒரு குடும்பத்து மேல விழுறதுக்கும் வித்தியாசம் இருக்கே.

கதவுகளை மூடின தீர்ப்பு

அந்த உறுத்தலுக்குப் பதில் வர நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. வந்தது தண்ணி வழியா இல்லை, காத்து வழியா.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு போபால். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது நடந்து ஒரு வருஷத்தில், 1985 டிசம்பர் 4-ல், டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. ஏற்கெனவே அந்த ஆலைக்கு எதிரா எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடத்திக்கிட்டு இருந்தார்.

1986 டிசம்பர் 20-ல் தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அஞ்சு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்த விதி நமக்கு அளவுகோல் ஆக முடியாது என்று சொன்னாங்க. அபாயகரமான தொழிலை லாபத்துக்காக நடத்துகிற நிறுவனம், அதனால் யாருக்குத் தீங்கு வந்தாலும் முழுப் பொறுப்பு. தெய்வச் செயல் இல்லை, மூன்றாம் ஆள் இல்லை, எந்த விலக்கும் இல்லை. அஞ்சு கதவையும் சாத்திட்டாங்க. தொகையும் நிறுவனத்தின் வசதிக்கு ஏற்ப இருக்கணும். பெரிய நிறுவனம்னா பெரிய தொகை. இதுக்கு முழுமுதற் பொறுப்பு என்று பேர். ஆபத்தைக் கண்டுபிடிக்கவும், தடுக்கவும், செலவைப் பொருளின் விலையில் ஏத்திப் பகிரவும் வசதி இருப்பது ஆலைக்குத்தான், வேலிக்கு வெளியே தூங்குகிறவருக்கு இல்லை. அதுதான் காரணம்.

கேட்க நல்லா இருக்கு. ஆனா எந்த ஊரை மனசில் வெச்சு இதைச் சொன்னாங்களோ, அந்தப் போபாலில் இது சோதிக்கப்படவே இல்லை. 1989-ல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆகி முடிஞ்சுடுச்சு.

நம்ம பக்கம் இது வேலூரில் வந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையில் இறங்கி, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாயிடுச்சு என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு நிலையம் கண்டறிந்ததை உச்ச நீதிமன்றம் 1996 தீர்ப்பில் பதிவு பண்ணியிருக்கு. மாசுபடுத்தியவரே பணம் கட்டணும், பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் இல்லை, மண்ணையும் நீரையும் மீட்கிற செலவையும் என்று அது சொன்னது. அருமையான விதி. ஆனா 2025 ஜனவரியில் கூட, இன்னும் இழப்பீடு போய்ச் சேராதவங்களுக்குக் கொடுங்க என்று அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

2020 மே 7-ல் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு கசிந்தபோது பசுமைத் தீர்ப்பாயம் மறுநாளே 50 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அந்த உத்தரவில் பயன்படுத்தின சொல், முழுமுதற் பொறுப்பு இல்லை, கடும் பொறுப்பு. பழைய சொல். உடனே சட்டத்துறையில் சலசலப்பு. ஒரு வார்த்தைதானே என்று தோணலாம். ஆனா இது வரைக்கும் கேட்டவங்களுக்குத் தெரியும், அந்த வார்த்தைக்குப் பின்னாடி அஞ்சு கதவு திறந்திருக்கு.

திரும்ப டீக்கடைக்கு

அந்தத் தாத்தாவும் அண்ணனும் இப்போ எதிரே உட்கார்ந்தா நான் என்ன சொல்வேன்?

தாத்தா, நீங்க சொன்ன தெய்வச் செயல் சட்டத்தில் உண்டு. ஆனா மழை பெருசுன்னு சொன்னா மட்டும் போதாது, எதிர்பார்த்திருக்க முடியாததுன்னு காட்டணும். மழைக் கணக்கு கையில் இருக்கிற காலத்தில் அது கஷ்டம். அண்ணா, தேக்கினவங்க பொறுப்பு என்று நீங்க சொன்னதும் உண்டு. ஆனா யாருக்காகத் தேக்கினாங்க என்று சட்டம் கேட்கும். சொந்த லாபத்துக்கா, ஊர் குடிக்கவா? ஊருக்காகன்னா, கரையைப் பார்த்தீங்களா, கலங்கலைச் சுத்தம் பண்ணீங்களா, தண்ணி திறக்கும் முன்னாடி கீழே இருக்கிறவங்களுக்குச் சொன்னீங்களா என்றுதான் அடுத்த கேள்வி வரும். கார்வேட்டிநகரம் ஜமீன்தார் ஜெயிச்சது ஏரி பொதுச்சொத்து என்பதால் மட்டும் இல்லை. கரை சரியா இருந்தது என்று நீதிமன்றத்தில் நின்றதால். அந்தத் தீர்ப்பை யாராவது மேற்கோள் காட்டினா, அந்த ரெண்டாவது பாதியையும் கேட்டு வாங்குங்க.

உங்க ஊர் ஏரியின் கலங்கல் எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? வாய்ப்பு கிடைச்சா ஒருமுறை நடந்து போய்ப் பாருங்க. பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.